கையெட்டும் தூரத்தைத் தாண்டி: தன்னுருவப் படம் எடுக்கும் முறை

செல்ஃபியில் தம் முகம் விகாரமாகத் தெரிவதாகப் பலர் வருந்துகிறார்கள். பெரும்பாலும் அதற்குக் காரணம் தூரம்தான். மூக்கு நுனியிலிருந்து 30 செ.மீ. தொலைவில் கேமராவைப் பிடித்தால், காதுகள் இன்னும் ஏறத்தாழ 12 செ.மீ. பின்னால் இருப்பதால், அவற்றோடு ஒப்பிடுகையில் மூக்கு 1.4 மடங்கு பெரிதாகப் பதிவாகிறது. கேமரா 150 செ.மீ. தள்ளியிருந்தால் அது 1.08 மடங்காகக் குறைந்துவிடும்.

ஆகவே முதல் படி, கைபேசியைக் கையிலிருந்து இறக்கி வைப்பது. லென்ஸை மெல்லிய துணியால் துடைத்து, கண் உயரத்தில் உள்ள அலமாரியில் சாய்த்து வைத்து, பின்பக்கக் கேமராவில் டைமரை 10 விநாடிக்கு அமைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நிற்கப்போகும் இடத்தில் ஒரு நாற்காலியை வைத்து, திரையில் அதன் மீது விரலை அழுத்திப் பிடித்தால், பெரும்பாலான கைபேசிகளில் ஃபோகஸ் அங்கேயே நிலைத்துவிடும்.

அடுத்து ஒளி. அறை விளக்குகளை அணைத்துவிட்டு, ஜன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் சற்று முன்னே இருக்குமாறு நில்லுங்கள். முகத்தை மெல்லத் திருப்பினால், ஓரிடத்தில் மூக்கின் நிழல் கன்னத்து நிழலோடு சேர்ந்து, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கக் கண்ணின் கீழே சிறு முக்கோண வெளிச்சம் மட்டும் எஞ்சும். இதையே, டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் பெயரால், ரெம்பிராண்ட் ஒளி என்கிறார்கள்; தொடக்கநிலையில் இந்த ஒன்றைப் பழகினாலே போதும் என்பேன்.

படத்தில் எங்கே நிற்பது? 1839இல் ஃபிலடெல்ஃபியாவில் ராபர்ட் கொர்னீலியஸ் எடுத்த தன்னுருவப் படம், இவ்வகையில் இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையவற்றில் ஒன்று. அதில் அவர் சரியாக நடுவில் இல்லை, தலைமுடியும் கலைந்திருக்கிறது. அந்தப் படத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது. நீங்களும் ஓரமாக நின்று பாருங்கள்.

இனி, சொல்ல விரும்புவதை ஒரே வாக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். உணர்ச்சியை முகத்தில் வலிந்து வரவழைக்க வேண்டியதில்லை. மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவின் தன்னுருவ ஓவியங்கள் பலவற்றில் முகபாவம் ஏறக்குறைய ஒன்றேதான். கழுத்தைக் கீறும் முள்மாலையும் தோளருகே இருக்கும் குரங்கும்தான் ஒவ்வொன்றையும் வேறாக்குகின்றன. எனவே உங்கள் வாக்கியத்துக்குப் பொருத்தமான ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். தழும்பேறிய விரல்களோ சுவரில் விழும் நிழலோ போதுமென்றால், முகம் தெரியாமலேகூட எடுக்கலாம்.

எடுத்தவற்றை உடனே அழித்துவிடாதீர்கள். கண்ணாடியில் இடவலம் மாறிய முகத்தையே பார்த்துப் பழகியிருப்பதால், மாறாத முகம் முதலில் கோணலாகத் தோன்றும். மறுநாள் பார்த்து, உங்கள் வாக்கியத்துக்கு மிக நெருக்கமான படத்தைத் தேர்ந்தெடுங்கள். ஃபில்டர் இடுவதானால், மூலப்படத்தின் பிரதியில் மட்டும் இடுங்கள்.