பழைய பூங்காவைக் காப்பாற்ற எங்கிருந்து தொடங்குவது?

சென்னையில் 1859-இல் ஆளுநர் ட்ரெவெல்யன் காலத்தில் உருவான பீப்பிள்ஸ் பார்க்கை ஒரே நாளில் யாரும் அழிக்கவில்லை. ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, இன்று மை லேடீஸ் பூங்கா போன்ற துண்டுகள்தான் மிச்சம்.

உங்கள் பகுதிப் பூங்காவுக்கும் அது நடக்கக் கூடாதென்றால் முதலில் காகிதம் திரட்டுங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய வரைபடங்களைத் தேடுங்கள், அப்புறம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு சர்வே எண், பரப்பளவு, நில வகைப்பாடு மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். பெங்களூரு கப்பன் பூங்கா போன்ற அரசுப் பூங்காக்களைக் காக்க கர்நாடகத்தில் 1975-இலேயே சட்டம் வந்தது. சட்டம் எதுவானாலும் நம் கையில் முதல் ஆயுதம் ஆவணம்தான்.

அடுத்து மரங்கள். ஒவ்வொன்றையும் படமெடுத்து எண் போடுங்கள். அடிமரத்தை நெருக்கி சிமெண்ட் போட்டிருந்தால் வேருக்குத் தண்ணீரும் காற்றும் போகாது, அடுத்த புயலில் மரம் சாயக்கூடும். சுற்றிலும் ஒரு மீட்டராவது மண் தெரியும்படி, வேரில் கடப்பாரை படாமல், கையால் உடைத்தெடுக்கச் சொல்லுங்கள்.

‘அழகுபடுத்தும் திட்டம்’ என்று யாராவது வந்தால் வரைபடத்தைக் கேளுங்கள். பழைய நடைபாதையின் வளைவு, குளம், மரவரிசை இவை அப்படியே இருக்கின்றனவா என்று பார்த்து, ஆட்சேபணையை டெண்டருக்கு முன்பே எழுத்தில் கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள்.