பத்து எண்ணும்வரை பேசாதீர்கள்

ஆட்டிசம் உள்ள பேரன் வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்), ஆத்தங்குடிக் கல் தரையில் மரச்சொப்பை உருட்டிக்கொண்டே இருக்கிறானா? "இது என்ன, சொல்லு சொல்லு" என்று ஆச்சிமார் துளைத்தெடுப்பதுதான் நம் வீடுகளில் வழக்கம். அதை விடுங்கள். எதிரே தரையில் உட்கார்ந்து, அவன் முகமட்டத்துக்குக் குனிந்து, நீங்களும் ஒரு சொப்பை அதேபோல உருட்டுங்கள். "உருளுது!" ஒரு சொல் போதும்.

அவன் நிமிர்ந்ததும் சொப்பை உள்ளங்கையில் மூடிக்கொண்டு, மனதுக்குள் 10 எண்ணும்வரை சும்மா இருங்கள். (ஆச்சிக்கு இதுதான் பெரும்பாடு!) ஒரு பார்வை, கைநீட்டல், "உம்" என்ற முனகல், எதுவானாலும் "இன்னொரு தடவை உருட்டு" என்று அவன் கேட்டுவிட்டதாகவே அர்த்தம், உடனே உருட்டிவிடுங்கள். தினம் இரண்டு மூன்று தடவை, ஐந்தைந்து நிமிடம். எதையும் வாயில் போடும் பிள்ளையென்றால் சொப்புக்குப் பதில் சோழி, புளியங்கொட்டை மாதிரி சின்னச் சாமான் எதுவும் வேண்டாம்.