ஹேக் ஆன வேர்ட்பிரஸ் தளம்: பிளக்இன் கோப்புகளைத் திருத்தாதீர்கள், மாற்றுங்கள்

தளம் ஹேக் ஆனது தெரிந்ததும் சந்தேகமான கோப்பைத் தேடி அழிக்கத்தான் கை போகும். பொறுங்கள். முதலில் கோப்புகள், தரவுத்தளம், சர்வர் லாக் (தளத்துக்கு வந்த கோரிக்கைகளின் பதிவேடு) மூன்றையும் நகலெடுத்து உங்கள் கணினியில் வையுங்கள். எந்த வழியாக நுழைந்தார்கள் என்பதற்கு லாக்தான் சாட்சி. பல ஹோஸ்டிங்குகளில் அது சில நாட்களிலேயே போய்விடும். பிறகு தளத்தைப் பார்வையாளர்களுக்கு மூடிவிடுங்கள்.

அடுத்து, டபிள்யூபி-சிஎல்ஐ (வேர்ட்பிரஸ்ஸைக் கட்டளைகளால் இயக்கும் கருவி) வழியாக ‘வெரிஃபை-செக்சம்ஸ்’ கட்டளையை வேர்ட்பிரஸ்ஸின் அடிப்படை நிரலான ‘கோர்’ கோப்புகளுக்கும், கூடுதல் வசதி தரும் எல்லா பிளக்இன்களுக்கும் ஓட்டுங்கள். அசலோடு ஒப்பிட்டு, மாறிய கோப்பையும் புதிதாக நுழைந்த கோப்பையும் பெயர் சொல்லிக் காட்டும். கோப்பின் தேதியை நம்ப வேண்டாம். அதைப் பின்னுக்குத் தள்ளிவைப்பது மிக எளிது.

இந்தச் சோதனையிலும் ஓட்டை உண்டு. காசு கொடுத்து வாங்கிய பிளக்இன்களின் அசல் வேர்ட்பிரஸ்ஸின் பொதுக் களஞ்சியத்தில் இருக்காது. களஞ்சியத்திலுள்ள பதிப்பே கெட்டிருந்தால், சோதனை ‘சரி’ என்றே சொல்லும். 2024 ஜூனில் சோஷியல் வார்ஃபேர் உட்பட சில பிளக்இன்களில் அதுதான் நடந்தது. உருவாக்கியவர்களின் கணக்குகள் வழியே தீய நிரல் களஞ்சியத்துக்குள் ஏறியது. அந்தப் பதிப்பை நிறுவிய தளங்களில் புது அட்மின் கணக்குகள் உருவாயின. அதனால் பயனர் பட்டியலை ஒவ்வொரு பெயராகப் பாருங்கள்.

கெட்ட வரியை மட்டும் வெட்டியெடுப்பது வீண் வேலை. ஒன்றை எடுத்தால் இன்னொன்று எங்கோ மிச்சமிருக்கும். பிளக்இன் ஃபோல்டரை முழுதாக எஸ்எஃப்டிபி (சர்வரோடு பாதுகாப்பாகக் கோப்பு பரிமாறும் முறை) வழியே நீக்கி, அசல் ஜிப்பிலிருந்து புதிதாக ஏற்றுங்கள். அட்மின் பக்கத்திலுள்ள ‘டிலீட்’ பொத்தானைத் தொடாதீர்கள். பல பிளக்இன்கள் அப்போது தம் அமைப்புகளையும் தரவையும் சேர்த்தே அழித்துவிடும். ‘நல்டு’ என்று இலவசமாகக் கிடைத்த ஜிப் (கட்டணப் பிளக்இன்னின் திருட்டு நகல்) இருந்தால் அதைத் தூக்கியெறியுங்கள், நோய் பெரும்பாலும் அங்கேதான். கோர் கோப்புகளையும் தளத்தின் தோற்றத்தைத் தரும் ‘தீம்’ கோப்புகளையும் இதேபோல் மாற்றுங்கள்.

மாற்றாமல் விட்ட இடங்களில்தான் பின்கதவு (ஹேக்கர் மீண்டும் நுழைய விட்டுவைத்த நிரல்) ஒளிந்திருக்கும். ‘அப்லோட்ஸ்’ ஃபோல்டரில் பிஎச்பி (சர்வரில் ஓடும் நிரல்) கோப்பு இருக்கப் பொதுவாகக் காரணமில்லை. சில பிளக்இன்கள் போட்டுவைக்கும் வெற்று இன்டெக்ஸ் கோப்பு போன்றவை விதிவிலக்கு. ‘எம்யூ-பிளக்இன்ஸ்’ ஃபோல்டரில் உள்ளவை ஆக்டிவேட் செய்யாமலே ஓடும், வழக்கமான பட்டியலில் கண்ணில் படாது. சர்வர் அமைப்புகளை மாற்றும் எச்டிஅக்சஸ், யூசர்-ஐஎன்ஐ கோப்புகள், நேரம் குறித்துத் தானாக ஓடும் கிரான் பணிகள், தரவுத்தளத்தின் ஆப்ஷன்ஸ் அட்டவணை ஆகியவற்றையும் விடாதீர்கள்.

கடவுச்சொற்களைக் கடைசியாக மாற்றுங்கள்: அட்மின், தரவுத்தளம், எஸ்எஃப்டிபி, ஹோஸ்டிங் பேனல் எல்லாவற்றையும். பின்கதவு இருக்கும்போதே மாற்றினால் வேர்ட்பிரஸ்ஸின் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பிலிருந்து புதிய தரவுத்தளக் கடவுச்சொல்லையும் படித்துவிடுவார்கள். அதே கோப்பிலுள்ள 8 ரகசிய வரிகளையும் (உள்நுழைவைக் காக்கும் சாவிகள்) புதிதாக்குங்கள். உள்ளே இருக்கும் எல்லோரும், ஹேக்கர் உட்பட, உடனே வெளியேற்றப்படுவார்கள்.

இனி லாக்கைத் திறந்து, கெட்ட கோப்புக்கு முதல் ‘போஸ்ட்’ (தரவு அனுப்பும்) கோரிக்கை எப்போது வந்தது, அதற்குச் சற்று முன் அதே ஐபி முகவரி எந்தப் பிளக்இன்னைத் தட்டியது என்று பாருங்கள். அந்தப் பிளக்இன்னுக்குத் திருத்தம் வெளிவராதவரை அதை மீண்டும் நிறுவ வேண்டாம். கூகுள் சர்ச் கன்சோலில் (கூகுள் தேடலில் உங்கள் தளத்தின் நிலையைக் காட்டும் சேவை) தெரியாத உரிமையாளர் சேர்ந்திருந்தால், அவர் வைத்த சரிபார்ப்புக் கோப்பையும் சேர்த்து நீக்கிவிட்டு கூகுளிடம் மறுஆய்வு கோருங்கள்.