மழைக்கால மும்பையில் ஜெய்சால்மரின் மஞ்சள்

மாட்டுங்காவில் வசிக்கும் நான் குழந்தைகளின் நூல்களுக்கு நீர்வண்ணத்தில் படம் வரைபவள். 1156இல் ராவல் ஜெய்சல் நிறுவிய பாலைநகரமான ஜெய்சால்மர்மீது எனக்குத் தீராத காதல் உண்டு. அந்நகரைப் பற்றித் தமிழில் ஒரு படநூல் கொண்டுவர வேண்டும் என்பதே என் இலக்கு.

ஜூன் பிறந்தால் அந்த வேலை தடைப்பட்டுக்கொண்டே இருந்தது. கடலோர ஈரத்தில் முதல் பூச்சு காய்வதில்லை. அதன்மேல் அடுத்ததைப் பூசினால் இரண்டும் கலந்து, கோட்டையின் தேன்மஞ்சள் மணற்கல் சேற்று நிறமாகிவிடும்.

இப்போது சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாளை நனைத்து, பலகையில் நான்கு பக்கமும் பசைநாடாவால் ஒட்டி, அது இறுகக் காய்ந்த பின்னரே வரைகிறேன். பூச்சின்மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பேன்; தாள் சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் மிச்சமிருக்கிறது என்று பொருள். நீரின் பளபளப்பு அடங்கிய பிறகு, ஹேர் டிரையரை ஒரு முழம் தள்ளிப் பிடித்து உலர்த்துகிறேன். அதற்கு முன்பே காட்டினால் காற்று வண்ணத்தை விளிம்புக்குத் தள்ளிவிடும்.

நிழலில்தான் இந்தக் கல்லின் அழகே இருக்கிறது. மஞ்சள் காவியுடன் கறுப்பைக் கலந்தால் பச்சை தட்டும். அதற்குப் பதிலாக அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கலந்து, நன்கு காய்ந்த மஞ்சளின்மேல் ஒரே இழுப்பில் மெல்லியதாகப் பூசும்போது, அந்நகரின் பழைய வணிகர் மாளிகையான பட்வா ஹவேலியின் செதுக்குச் சாளரங்களுக்கு அடியில் விழும் நிழல் வெயிலின் வெம்மையை இழக்காமலே ஆழம் பெறுகிறது. கடிசர் ஏரிக்கான பக்கங்களை இந்த மழையிலேயே வரைந்துகொண்டிருக்கிறேன்.