பறங்கிமலை முதல் பல்லாவரம் வரை: புறநகர் ரயிலில் ஒரு வெள்ளிக்கிழமை

சென்னையில் தாம்பரம் ரயிலில் தினமும் போகிறவர்கள் கூட ஜன்னலுக்கு வெளியே இருப்பவற்றை இறங்கிப் பார்ப்பதில்லை. இந்த வழியில் எங்கெங்கே இறங்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று புதிதாகக் கிளம்புவோருக்காகச் சொல்கிறேன்.

முதலில் நாள். வெள்ளிக்கிழமைதான். பல்லாவரம் சந்தை அன்றுதான் கூடும். தண்ணீர், தொப்பி, வெறும் துணிப்பை ஒன்று போதும்.

1. பறங்கிமலை உச்சிக்கு ஏறுங்கள். வெயில் ஏறுமுன் ஸ்டேஷனில் இறங்கி, மலையடிவாரத்துக்கு நடந்தோ ஆட்டோவிலோ போய்விடுங்கள். வண்டி மேலேயே போகும் என்றாலும் படிகளில் ஏறுவதே அழகு. அவற்றைக் கட்டிக்கொடுத்தவர் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். உச்சியில் 1523இல் போர்த்துகீசியர் கட்டிய தேவாலயம் இருக்கிறது. எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டனின் மார்பளவுச் சிலையையும் தேடுங்கள். 1802இல் இந்த மலையருகே தொடங்கி, தெற்கு நோக்கி ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளத்துக்கு நில அளவைக்கு அடிப்படையான ஒரு நேர்கோட்டை அவர் அளந்தார். பின்னாளில் எவரெஸ்டின் உயரத்தைக் கணக்கிட்ட மாபெரும் முக்கோண நில அளவையின் (நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும் முறை) முதல் கோடு அதுதான். அங்கிருந்தே கீழே விமான நிலையத்தையும் பாருங்கள். அதன் ஓடுபாதை ஒன்று அடையாற்றைப் பாலத்தின் மீது கடக்கிறது.

2. காலடிப் பாறையைக் கவனியுங்கள். கருநீலச் சாயலோடு கண்ணாடிபோல் மினுங்குவது சார்னோகைட் என்ற பாறை வகை. கொல்கத்தாவில் உள்ள, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இந்த இனம்தான். 1893இல் அதை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து சார்னாக்கின் பெயரையே பாறைக்கு வைத்தார். திரிசூலம், பல்லாவரம் குன்றுகளும் இதே பாறைதான். கல்குவாரிகள் அவற்றை எவ்வளவு தின்றுவிட்டன என்பது ரயிலிலிருந்தே தெரியும்.

3. திரிசூலம். கோயில்களில் பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால், குன்றுகள் சூழ்ந்த திரிசூலநாதர் கோயிலுக்கு முன்னதாகவே போய்விடுங்கள். நேரமில்லை என்றால் இதை விட்டுவிடலாம்.

4. பல்லாவரம் குடைவரை. அடுத்த ஸ்டேஷன் பல்லாவரம். பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் அந்தக் கடினப் பாறையைக் குடைந்து கோயிலாக்கி, தன் விருதுப் பெயர்களையும் அதில் பொறித்து வைத்தான். இன்று அது தர்கா. மன்னன் எழுப்பிய கோயிலில் இன்று வேறொரு மரபின் வழிபாடு நடக்கிறது. எனக்கு இந்த வழியிலேயே மிகப் பிடித்த இடம் இது. செருப்பைக் கழற்றி, தலையை மூடி, அங்கிருப்பவரிடம் அனுமதி கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். தொழுகை நேரத்தில் போகாதீர்கள்.

5. சந்தையைக் கடைசியில் வையுங்கள். வாங்கிய செடித்தொட்டியோடு யாரும் மலையேற முடியாது. பழைய டிரங்க் ரோட்டில் பூச்செடிகள், புறாக்கள், பழைய மின்விசிறிகள், கழற்றிய கதவுகள் எனப் பலவும் கிடைக்கும். முதலில் ஒருமுறை முழுதும் நடந்துவிட்டு, இரண்டாவது சுற்றில் விலை கேளுங்கள். மின்சாதனம் வாங்கினால், ஓட்டிக் காட்டச் சொல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

பல்லாவரத்தில் பெயர்ப்பலகை பார்த்துத் தேட முடியாதது ஒன்று உண்டு. 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கேதான் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்பழங்கால ஆய்வு அதிலிருந்து தொடங்குகிறது. அவர் திரட்டிய கருவிகளைப் பார்க்க இன்னொரு நாள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று அங்கே விடுமுறை.