'துடுமென': பொருள் காண்பதும் எழுத்தில் ஆள்வதும்

மேலூர்ப் பக்கம் வயற்கிணற்றில் பையன் குதித்தால் 'தொபுக்குன்னு குதிச்சான்' என்பார்கள். சங்கப் பாட்டில் அந்த இடத்தில் நிற்பது 'துடும்'. அகராதி இதை 'ஒலிக்குறிப்பு' என்று முடித்துக்கொண்டால், எழுதுகிறவருக்கு அது போதாது.

முதல் வேலை, சொல் வரும் அடிகளைத் திரட்டுவது. கணினியில் 'துடும்' என்று தட்டினால் பல நேரம் ஒன்றும் சிக்காது. 'என' சேர்ந்ததும் மகரத்தின் புள்ளி போய்விடுகிறது. 'துடுமெ' என்று தேடுங்கள். சொற்பிரித்த பதிப்புகளுக்காகப் புள்ளி வைத்தும் ஒரு தடவை.

அடி கிடைத்ததும் ஒலிச்சொல்லை விட்டு அதன் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். புறநானூறு 243: 'நெடுநீர்க் குட்டத்துத் துடுமெனப் பாய்ந்து'. மருதமரக் கிளையேறிக் குதித்து, அடிமணலை அள்ளிக்கொண்டு மேலே வந்த இளமையைக் கோலூன்றிய கிழவர் நினைத்துப் பார்க்கிறார். ஐங்குறுநூறு 61: 'நெடுநீர்ப் பொய்கைத் துடுமென விழூஉம்'. இங்கே விழுவது மாம்பழம். ஆள் எங்கே, பழம் எங்கே! எடை ஒத்துவரவில்லை, ஒத்துவருவது 'நெடுநீர்', அதாவது ஆழமான தண்ணீர். குட்டம் என்றாலே ஆழமான இடம். கரையோரத் தண்ணீர் 'சளப்' என்றுதான் சத்தம் போடும். புறநானூற்றுக்குப் பழைய உரை 266ஆம் பாட்டு வரை உண்டு. 243 அதற்குள் அடங்குவதால் அதையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

'என' வந்ததெல்லாம் ஒலி என்று எண்ணிவிடக் கூடாது. தொல்காப்பியம் 'என' சேரும் ஆறு இடங்களில் இசையை (ஒலியை) வேறாகவும் குறிப்பை (மன உணர்வு போன்றதை) வேறாகவும் சொல்கிறது. குறுந்தொகை 157இல் 'குக்கூ' கோழியின் குரல். அதைக் கேட்டு நெஞ்சம் 'துட்கென்றன்று' என்பது திடுக்கிடல், காதில் விழுவதல்ல.

எழுதும்போது பாய், விழு, குதி போலச் சட்டென முடியும் வினையோடு சேருங்கள். 'துடுமென நீந்தினான்' நிற்காது. 'துடுமென்ற சத்தத்துடன்' என்பது ஒரே சத்தத்தை இரண்டு தடவை சொல்வது. கதைசொல்லியின் நடையில் 'துடுமென' பொருந்தும். பேச்சில், கிணற்றடிப் பையன் வாயில் வைத்தால் நாடக வசனமாகிவிடும். அவனுக்குத் 'தொபுக்குன்னு' போதும். வைகையில் கணுக்கால் தண்ணீர் ஓடும் மாதத்தில் ஒருவனைத் துடுமெனக் குதிக்கவிட்டால், கால் முறிந்ததா என்றுதான் மதுரைக்காரர் கேட்பார்.