ரேடியோவில் இருந்து ஓய்வு பெற்றவர் ஊர்க் கொடையில் மைக் பிடிப்பது எப்படி

திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-ல் தொடங்கியது. 1197 கிலோஹெர்ட்ஸில் கேட்ட குரல்களை இந்தப் பக்கத்து ஜனங்கள் சொந்தக்காரர்கள் கணக்கில்தான் வைத்திருக்கிறார்கள். நீங்கள் அங்கே அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்றால் சும்மா விடமாட்டார்கள். "அண்ணாச்சி, இந்த வருசம் கொடைக்கு நீங்கதான் மைக் பிடிக்கணும்" என்று வாசலில் வந்து நிற்பார்கள் (கொடை என்றால் ஊர்ச் சாமிக்கு எடுக்கும் திருவிழா), அப்புறம் கல்யாண வீட்டு வாழ்த்து, பள்ளிக்கூட ஆண்டு விழா, இரங்கல் கூட்டம் என்று வரிசையாக வரும். தயங்காமல் போங்கள். ஆனால் ஸ்டுடியோ பழக்கத்தில் பாதியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

முதல் வேலை பெயர்கள். முந்தின நாள் சாயங்காலமே போய் கொடைக்காக ஊரார் கொடுத்த வரிப்பணம் எழுதிய நோட்டை வாங்கி, விவரம் தெரிந்த ஊர்க்காரர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொரு பெயராக வாசித்துக் காட்டுங்கள். நோட்டில் வெறும் 'மாடசாமி' என்று இருக்கும், ஒரே தெருவில் மூன்று மாடசாமி இருப்பார்கள், அதனால் யார் மகன், மேலத்தெருவா கீழத்தெருவா, ஊரில் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று பென்சிலில் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பட்டப்பெயரை மைக்கில் சொல்லலாமா என்றும் கேளுங்கள், ஒருவருக்குப் பெருமையாக இருப்பது இன்னொருவருக்கு அவமானம். இறந்துபோனவர் பெயரில் பிள்ளைகள் வரி கொடுத்திருந்தால் அதற்குத் தனிக்குறி போடுங்கள். அப்பாவைப் பறிகொடுத்து ஆறு மாதம் ஆகாத மகன் கூட்டத்தில் நிற்கும்போது, அந்த அப்பாவை "மேடைக்கு வந்து சிறப்பிக்கும்படி" நீங்கள் அழைத்துவிட்டால் அப்புறம் எத்தனை மன்னிப்புக் கேட்டாலும் ஆறாது.

முதல் மாலை யாருக்கு, முதல் திருநீறு எந்த வீட்டுக்கு என்பதை நீங்கள் முடிவு செய்யவே கூடாது. விழாக் கமிட்டி எழுதித் தரட்டும், எழுதியபடி வாசியுங்கள். ஆனால் ஒரு தெருவை விட்டுவிட்டு வாசிக்கச் சொன்னால் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிவிடுங்கள். உங்கள் குரலை எல்லாத் தெருவும் கேட்டிருக்கிறது.

அடுத்தது ஒலிபெருக்கிக் குழாய். கொடை என்றால் ஊர் எல்லை வரைக்கும் கூம்புக் குழாய் கட்டியிருப்பார்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும், ஆகவே தூரத்துக் குழாயின் சத்தம் பிந்தி வந்து உங்கள் அடுத்த சொல்லின் மேல் ஏறிக்கொள்ளும். ஸ்டுடியோ வேகத்தில் பாதி போதும், ஒரு பெயரைச் சொன்னால் எதிரொலி அடங்கும்வரை பொறுத்து அடுத்ததைச் சொல்லுங்கள். காதோடு பேசுகிற அந்த மெல்லிய அடிக்குரல் இங்கே எடுபடாது, கூம்புக்குள் அடிக்குரல் ஏறாது. மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்று, தொண்டையைத் திறந்து பேசுங்கள். காற்று அடித்தால் கைக்குட்டையைச் சுற்றிக்கொள்ளலாம்.

தேரோட்டத்தில் நிற்பதாக இருந்தால் நேர்முக வர்ணனையை மறந்துவிடுங்கள். ரேடியோவில் தேர் அசைவதை நீங்கள் சொன்னால்தான் நேயருக்குத் தெரியும், ரத வீதியில் வடம் பிடித்து நிற்கிறவருக்கு அதை எதற்குச் சொல்ல வேண்டும்? அவர் பார்க்க முடியாததைச் சொல்லுங்கள்: பின்னால் தடி போட்டுத் தேரை நெம்புகிறவர்கள் தயாரா, சக்கரத்துக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள், தொலைந்த குழந்தை எந்த நிறச் சட்டை போட்டிருக்கிறது. ஆனி மாதத்தில் நெல்லையப்பர் தேர் திரும்பும் முனையில் நின்று பார்த்தவர்களுக்கு இதன் அவசரம் புரியும்.

கொடையில் மிகவும் முக்கியமானது பேசாமல் இருப்பது. ரேடியோவில் சில நொடி மௌனம் வந்தாலே பதறிப் பழகிய நமக்கு இது சிரமம்தான். வில்லுப்பாட்டுக்காரர் சாமியை வரவழைக்கும் வரத்துப் பாடத் தொடங்கியதும் மைக் அவருடையது. சாமியாடுகிற கோமரத்தாடிக்கு அருள் வந்து, மேளம் உச்சத்துக்குப் போகும் அந்த நேரத்தில்தான் யாராவது ஐந்நூறு ரூபாய் நன்கொடைச் சீட்டை நீட்டி "இதை இப்பவே சொல்லுங்க" என்பார்கள். வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சாமி மலையேறின பிறகு, கொடுத்தவர் பெயரோடு அவர் அப்பா பெயரையும் சேர்த்து நிதானமாக வாசியுங்கள்.

பணம் வாங்குவீர்களா மாட்டீர்களா என்பதை அழைக்க வந்த அன்றே சொல்லிவிடுவது நல்லது. நள்ளிரவில் நடக்கும் சாமக்கொடை முடிய விடிந்துவிடும், அதனால் ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோங்கள், வீடு திரும்ப வண்டிக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள்.